பழவேற்காடும் நம் பாக்கிப் பேரேடும்

கடையை அடைத்துவிட்டு ஒரு நாள் வெளியூர் போவதென்றால் மளிகைக்காரனுக்கு மனசு வராது. ஆனாலும் சென்ற மாதம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம், படப்பை பக்கத்து வணிகக் குடும்பத்தார் இரண்டு வேன் எடுத்துக்கொண்டு பழவேற்காடு போய் வந்தோம். பிள்ளைகளுக்கு ஏரியில் படகு, பெண்களுக்கு இறால். நமக்கு ஆசை வேறு. நாற்பது வருஷமாக மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் மூட்டை மூட்டையாக விற்ற நாம், அந்தச் சரக்குக்காகக் கடல் தாண்டி வந்தவர்கள் கடை போட்ட ஊரை அதுவரை பார்த்ததில்லை.

நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையில் ஏறினால் மீஞ்சூர், அங்கிருந்து பொன்னேரி, பிறகு பழவேற்காடு. வழியில் கார் ஏற்றிய நீள லாரிகளைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். நம் ஒரகடத்து நிஸான் கார்கள் 2010-ல் கப்பலேறத் தொடங்கியது எண்ணூர்த் துறைமுகத்தில்தான். அதற்கு வடக்கே சிறிது தூரத்தில், நானூறு வருஷத்துக்கு முன் இந்தக் கரையின் பெரிய ஏற்றுமதி நடந்த ஊர் இருக்கிறது.

டச்சுக்காரர்கள் அங்கே 1613-ல் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்கள் கம்பெனிக்கு அதுதான் தலைமை இடம். வந்தது மிளகு வாங்க அல்ல, துணி வாங்க. ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்த கிழக்குத் தீவுகளில் வெள்ளிக் காசைவிட நம் பக்கத்துத் துணிக்குத்தான் மதிப்பு. எனவே இங்கே துணி கொள்முதல், அங்கே கொடுத்து வாசனைச் சரக்கு, அதை ஐரோப்பாவில் விற்று லாபம். மூன்று கை மாறும் வியாபாரம். நமக்குப் புரியாததல்ல!

இந்த வியாபாரம் மத்தியதரைக் கடல் ஓரத்து வெனிஸ் நகரத்தையும் அசைத்தது. அதுவரை ஐரோப்பாவுக்கு மிளகு செங்கடல், அலெக்சாண்டிரியா வழியாக வெனிஸுக்குப் போய்த்தான் பிரிந்தது. 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்தவுடன் வெனிஸ் விழுந்துவிட்டதாகப் பலர் சொல்வார்கள். அப்படியல்ல. அதற்குப் பிறகும் பல பத்தாண்டு தாக்குப் பிடித்தது. டச்சு, ஆங்கிலக் கம்பெனிகள் வந்த பிறகுதான் அந்த வாசனைச் சரக்கு வியாபாரம் கை நழுவிப் போயிற்று.

இன்று கோட்டை இருந்த இடம் முள்ளும் புதருமாக இருக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை காக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் தூண்களைக் கண்டு சின்னவன் ஒருவன் அழுதே விட்டான். 1639-ல் ஆங்கிலேயர் சென்னையில் இடம் பிடித்தார்கள். அது வளர, இது தேய்ந்தது. 1825-ல் பழவேற்காடும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. பிறகு ஆலைத்துணி இங்கிலாந்திலிருந்து வந்து இறங்க, கப்பலை நம்பி நெய்த தறிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று.

ஊர் மட்டும் இருக்கிறது, மீன்பிடித் தொழிலால். படகில் வந்த மீனவர் ஒருவர் 'பாடு' முறையைப் பற்றிச் சொன்னார். ஏரியில் இறால் நன்றாக அகப்படும் இடங்களைப் பங்காளிகளுக்குள் முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று உனக்கு நல்ல இடம், அடுத்த முறை எனக்கு. ஒருவன் வலைமேல் இன்னொருவன் வலை விரிப்பதில்லை. இதிலும் குறை உண்டு. பாட்டு உரிமை இல்லாதவர்களுக்கு மனக்குறையும், அதனால் வழக்கும் சண்டையும் இருந்திருக்கின்றன. ஆனாலும் போட்டியில் எல்லாரும் சேர்ந்து மூழ்கக்கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அந்த எண்ணம் நம்மிடம் இருக்கிறதா?

இரண்டு வருஷத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். வெளிமாநிலத் தொழிலாளர் விடுதிகளுக்குச் சாப்பாடு போடும் காண்டிராக்டர் ஒருவர் நம்மிடம் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கி வந்தார். முதலில் பதினைந்து நாள் கடன், பிறகு முப்பது, பிறகு அறுபது. நாம் கறாராகப் பேசினால், "பக்கத்துக் கடையில் தொண்ணூறு நாள் தருகிறார்கள், ஐயா" என்பார். பக்கத்துக் கடையும் நம் சங்க உறுப்பினர்தான். அவரிடம் போய் நம் பெயரைச் சொல்லி இதையே பேசியிருக்கிறார். ஒரு திங்கட்கிழமை விடுதி காலி, போன் அணைப்பு. இருவர் பேரேட்டிலும் ஒரே ஆள், ஒரே கையெழுத்து. ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் இரண்டாம் மாதமே தெரிந்திருக்கும். கேட்கவில்லை, வெட்கம்; விலையைக் காட்டிவிடுவாரோ என்ற பயம் வேறு.

ஆலைகளைக் குறை சொல்லவில்லை. இந்தச் சாலையில் நம் வியாபாரம் பெருகியது அவற்றால்தான். ஆனால் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியதை நாம் கண்ணால் கண்டோம். அந்த இடத்துக்குப் பின்னால் வேறு கம்பெனி வந்தது, வேலையும் வந்தது. இடையில் போன வருஷங்களை நம் பேரேட்டில் யார் வரவு வைப்பார்?

விலையைக் கூட்டாகப் பேசி உயர்த்தச் சொல்லவில்லை. அது சட்டத்துக்கும் ஆகாது, வாடிக்கையாளருக்கும் ஆகாது. விலையில் அவரவர் போட்டி போடட்டும். புதிய காண்டிராக்டர் கடன் கேட்டு வந்தால், முன்பு வாங்கிய கடையில் பாக்கி எவ்வளவு என்று கேட்டுவிட்டுச் சரக்கை இறக்குவோம். கேட்கப்பட்டவர் உண்மையைச் சொல்லட்டும். அறுநூறு ரூபாய்க்குச் சிட்டை எழுதி மாதம் பிறந்ததும் கொண்டுவந்து தரும் உள்ளூர்க் குடும்பத்தை, பெரிய ஆர்டர் வந்த நாளில் "அப்புறம் வாம்மா" என்று நிறுத்தி வைப்பதையும் விட வேண்டும். நாமும் அந்தத் தவறைச் செய்தவர்கள்தான்.

திரும்பும்போது இறால் வாங்கினோம். கூடைக்காரம்மா ரொக்கம் கையில் வந்த பிறகுதான் பையைக் கொடுத்தார். வேனில் இருந்த அத்தனை வியாபாரிகளும் சிரித்தோம், கொஞ்சம் அசட்டுத்தனமாக. அடுத்த செயற்குழுவில் கடன் விசாரிப்பு விஷயத்தை வைக்க இருக்கிறோம். வராத பாக்கி உள்ளவர்கள் பழைய பில்களோடு வரவும்.