சிறு பணத்தில் வன்கூவர்

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வன்கூவர் மாநகரில் விடுதி வாடகையே பணப்பையைப் பாதி காலியாக்கிவிடும். அதற்கு நாம் மாற்று வழி காணோம். எஞ்சும் பாதியைக் காப்பதற்கோ வழிகள் உள.

குடும்பமாகச் செல்வோர் பலர் கப்பிலானோ தொங்குபாலத்தையே நாடுகின்றனர். அங்கே வளர்ந்தோர் ஒருவருக்கு 60 டொலருக்கு மேல் அறவிடுகின்றனர். லின் கனியன் பூங்காவுக்குச் செல்லுங்கள் என்போம் நாம். 1912இல் திறக்கப்பட்ட அப்பூங்காவின் தொங்குபாலம் சிறியதுதான். எனினும் 50 மீற்றர் கீழே நுரைத்தோடும் ஆற்றைக் கண்டு கால் நடுங்க அதுவே போதும்! கட்டணம் ஒரு சதமும் இல்லை.

வழியும் இன்பமானது. 1977 முதல் ஓடும் ‘சீ பஸ்’ என்னும் படகு, ஏறக்குறைய 12 நிமிடத்தில் குடாவைக் கடந்து வடகரை சேர்க்கும். பயணச்சீட்டு 90 நிமிடம் செல்லுமாதலால், அங்கிருந்து பூங்காவுக்குப் போகும் பஸ்ஸுக்கு வேறு சீட்டு வேண்டுவதில்லை. சனி, ஞாயிறு தினங்களில் கட்டணம் இன்னும் குறைவு. 12 வயதுக்கு மேற்படாத பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

மறுநாளை 1888இல் திறக்கப்பட்ட ஸ்ரான்லி பூங்காவுக்கு ஒதுக்கலாம். கடலோர நடைபாதையில் அதைச் சுற்றி வர ஏறக்குறைய 9 கிலோமீற்றர். பிள்ளைகள் பசியென்பர்; உணவைக் கட்டிச் செல்லுங்கள். குளிர்காலமாயின் குடையும் வேண்டும்.