கிட்னி செயலிழப்பு: ‘கிரியேட்டினின் நார்மல்’ என்றால் போதுமா?

சிறுநீரகக் கல் வந்தால் வலியில் துடித்துப் போவோம். ஆனால், சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழக்கும்போது பெரும்பாலும் வலியே இருக்காது. கால் வீக்கம், மூச்சு வாங்குது, சாப்பாடு பிடிக்கல என்று டாக்டரிடம் போகும்போது பலருக்குப் பாதிப்பு முற்றியிருக்கும்.

ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. சில பழுதானால், மிச்சம் இருப்பவை கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும். அதனால் பாதி செயல்திறன் போன பிறகும்கூட ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு ‘நார்மல்’ என்று வரலாம். இழந்த நெஃப்ரான்கள் திரும்ப உருவாவதில்லை.

எதனால் வருகிறது?

முக்கியக் காரணங்கள் சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும்தான். இரண்டுமே வடிகட்டிகளின் நுண் ரத்தக் குழாய்களைச் சேதப்படுத்துகின்றன. வடிகட்டிகளில் ஏற்படும் அழற்சி, பரம்பரையாக வரும் நீர்க்கட்டிகள், கல்லடைப்பு ஆகியவையும் காரணமாகலாம். தலைவலி, முதுகுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி, டாக்டர் ஆலோசனை இல்லாமல் மாதக்கணக்கில் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் ஆபத்தானவை.

என்ன டெஸ்ட் எடுக்கணும்?

சர்க்கரை, பிபி உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறை இரண்டு டெஸ்ட் அவசியம். ஒன்று, யூரினில் ஆல்புமின் - கிரியேட்டினின் விகிதம். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் புரதம் கசிகிறது என்று பொருள். காய்ச்சல், கடும் உடற்பயிற்சியாலும் இது கூடலாம் என்பதால் மறுபடியும் பார்த்து உறுதி செய்வார்கள். இன்னொன்று, கிரியேட்டினினை வயது, பாலினத்தோடு சேர்த்துக் கணக்கிடும் இ-ஜிஎஃப்ஆர். அது 60-க்குக் கீழே 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே போனால் செயலிழப்பு.

என்ன மாற வேண்டும்?

தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, பிபி மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. மாத்திரை வாங்கும் ஒவ்வொருவருக்கும் யூரின் ஆல்புமின் டெஸ்ட்டும் வருடம் தவறாமல் நடப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும். ஊழியர்களுக்கு ஹெல்த் செக்கப் நடத்தும் நிறுவனங்களும் சர்க்கரை, பிபி உள்ளவர்களுக்கு இதைச் சேர்க்க வேண்டும்.

செயலிழப்பு வரை போனால் பொதுவாக வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் டயாலிசிஸ். அந்த அட்டவணையோடு வேலையைத் தக்கவைப்பது லேசுப்பட்டதல்ல. ஆரம்பத்திலேயே தெரிந்தால், மாத்திரையாலும் சர்க்கரை, பிபி கட்டுப்பாட்டாலும் அந்த நாளைப் பல வருடங்கள் தள்ளிப்போடலாம். பலருக்கு வராமலே தடுக்கலாம்.