சோறிருக்க நெல் குத்துவாருண்டோ?

"பற்றீரியாவுக்கு அறிவு உண்டா, ஐயா?"

உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் நம்மிடம் இவ்வாறு கேட்டார். வகுப்பிற் சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. பாடநூலில் இருந்த ஒரு வளைகோடே அக்கேள்வியை எழுப்பியது. அதனை உற்று நோக்கிய எவருக்கும் அந்த ஐயம் எழுதல் இயல்பே.

நமது குடலில் வாழும் எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியாவுக்குக் குளுக்கோசும் பாற்சர்க்கரையாகிய இலக்டோசும் கலந்த கரைசலை அளித்துப் பாருங்கள். அது இரண்டையும் ஒருங்கே உண்பதில்லை. முதலிற் குளுக்கோசை உண்டு பெருகுகிறது. அது தீர்ந்ததும் பெருக்கம் நின்றுவிடுகிறது. சிறிது நேரம் சென்றபின்னரே இலக்டோசை உண்டு மீண்டும் பெருகத் தொடங்குகிறது. வளைகோடு ஏறிப் படிபோல் நின்று மறுபடியும் ஏறுகிறது.

இதற்குக் காரணம் யாது? குளுக்கோசு அப்படியே பயன்படும் உணவு. இலக்டோசோ குளுக்கோசும் கலக்டோசும் பிணைந்தது. அதனை உள்ளே கொண்டுவர ஒரு புரதமும், இரண்டாகப் பிளக்க ஒரு நொதியமும் வேண்டும். அவற்றை ஆக்குவதற்குப் பொருளுஞ் செலவு, சக்தியுஞ் செலவு. சமைத்த சோறு இருக்க, உலக்கையை எடுத்து நெல் குத்துவாருண்டோ?

இத்தகைய இரட்டைப் பெருக்கத்தை ஆராய்ந்து 1941 இல் பாரிசில் ஆய்வேடு எழுதியவர் ஜாக் மொனோ. அப்பொழுது பிரான்சு ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. மொனோ மறைமுக எதிர்ப்பியக்கத்திலும் பணியாற்றினார். போரின் பின்னர் பாஸ்டர் நிலையத்தில் அவருடன் சேர்ந்தவர் பிரான்சுவா ஜாக்கோப். இவர் அறுவை வைத்தியராக விரும்பிய மருத்துவ மாணவர். 1944 இல் நோர்மண்டியில் அடைந்த படுகாயம் அந்த ஆசையைக் குலைத்தது. கத்தியைப் பிடிக்க இயலாத கை, பரம்பரையின் இரகசியத்தைத் திறக்க உதவியது.

இலக்டோசு வந்து, "நொதியத்தை ஆக்குக" என்று கட்டளையிடுகிறது என்றே முதலில் எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு மாறாக இருந்தது. ஆக்கும் பரம்பரையலகுகள் எப்பொழுதும் ஆயத்தமாகவே உள்ளன. ஆனால் அவற்றின் வாயிலில் அடக்கி என்னும் ஒரு புரதம் காவலாளிபோல் அமர்ந்து வழியை மறிக்கிறது. இலக்டோசிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் அடக்கியைப் பற்றியதும் அதன் உருவம் மாறுகிறது, பிடி தளர்கிறது, வாயில் திறக்கிறது. ஆகவே நிகழ்வது கட்டளையன்று, தடைநீக்கமே. 1961 இல் இருவரும் இக்கருத்தை விரிவாக வெளியிட்டனர். 1965 இல் அந்திரே லுவோவுடன் நோபல் பரிசும் பெற்றனர். 1966 இல் வால்ட்டர் கில்பேட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அடக்கியைப் பிரித்தெடுத்து, அது புரதமே என நிறுவினர்.

இங்கே கூர்மையான மாணவர் ஒரு தடை எழுப்பலாம். உள்ளே கொண்டுவரும் புரதம் ஆக்கப்படுமுன் இலக்டோசு எவ்வாறு உள்ளே வந்தது? காவலாளியும் இடையிடையே வாயிலை விட்டு அகல்வதுண்டு. அவ்வேளைகளில் ஆக்கப்பட்ட சில மூலக்கூறுகள் கலத்தில் எப்பொழுதும் இருக்கும். முதற்றுளி இலக்டோசு புக அவை போதும். பின்னர் நொதியத்தின் அளவு ஏறத்தாழ ஆயிரம் மடங்காகிறது.

குளுக்கோசு உள்ளபோதோ தடை இருமடங்கு. குளுக்கோசு உட்புகும் செயலே இலக்டோசு புகும் வழியை அடைத்துவிடுகிறது. பரம்பரையலகுகளைத் தூண்டும் துணைப்புரதத்துக்கு வேண்டிய சிறு தூதுப்பொருளும் அப்பொழுது குறைந்துவிடுகிறது.

இவ்வறிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1978 இல் மனித இன்சுலினுக்குரிய பரம்பரையலகுகளை இந்த வாயிலின் பின்னே இணைத்து, பற்றீரியாவைக் கொண்டே இன்சுலினை ஆக்கினர். 1982 இல் பற்றீரியா வழி ஆக்கிய மனித இன்சுலின் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. நீரிழிவு நோயாளர் உள்ள இல்லத்தார் இதன் அருமையை அறிவர்.

ஆகவே மாணவருக்கு நாம் கூறிய விடை இதுதான்: பற்றீரியாவுக்கு அறிவில்லை. பூட்டுக்கும் அறிவில்லை, ஆயினும் தன் சாவியை அது தவறவிடுவதில்லையன்றோ!

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையின் புள்ளிகளைக் கண்டு, "எல்லாம் பரம்பரை, நாம் என்ன செய்வது?" எனப் பெருமூச்செறிவோரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஒரு கலமுடைய உயிரின் கதையைக் கொண்டு மனிதப் பிள்ளையின் எதிர்காலத்தைக் கணித்தல் பொருந்தாது. ஆயினும் ஒன்று கூறலாம். ஒரே பரம்பரையலகு ஓரிடத்தில் உறங்குகிறது, வேறோரிடத்தில் விழிக்கிறது. "பிறப்பில் உள்ளதே நடக்கும்" என்னும் முடிவு பற்றீரியாவுக்கே பொருந்தவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் அதனை எவ்வாறு பொருத்துவது?