துண்டு தமிழில் வேண்டும்!

"துண்டு வெட்டியாயிற்று" என்ற சொல் கேட்டதும் நோயாளியின் முகம் மலர்கிறது. மனைவி சுடுநீர்ப் போத்தலையும் உடுப்புப் பையையும் எடுத்து வைக்கிறாள். மகன் ஓட்டோ பிடிக்க ஓடுகிறான். அவ்வேளையில் நோயாளியின் கையில் ஓர் அட்டை கொடுக்கப்படுகிறது. அதில் எழுதியிருப்பது யாது? அவர் அறியார்; அவர் மனைவியும் அறியாள். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது!

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதனை எழுதுபவர் பெரும்பாலும் தமிழர், பெறுபவரும் தமிழர். இடையில் இந்த அந்நியத் திரை எதற்கு?

இது வெறும் மொழிப்பற்றுப் பேச்சன்று, உயிர்ப் பிரச்சினை. குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை பெற்றுப் புத்தூருக்குத் திரும்பும் கமக்காரன், எத்தனை நாளைக்கு மண்வெட்டி தொடலாகாது என்பதை அறிய வேண்டாமா? வெங்காயப் பயிர் அவனுக்காகக் காத்திராது. அறியாமல் தோட்டத்தில் இறங்குவான். மீண்டும் அதே கட்டிலுக்கு வருவான். நீரிழிவுக் குளிசையை உணவுக்கு முன்னரோ பின்னரோ எடுப்பது என்பதை அயல்வீட்டுப் பள்ளிப் பிள்ளையிடமா கேட்டறிவது?

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது நாம் கொதித்தெழுந்தோம். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தோம். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கச்சேரி வாசலில் தமிழ் கேட்டவர்கள் வைத்தியசாலை வாசலில் வாய் மூடி நிற்பதேன்? இதற்குமா கொழும்பின்மீது பழி போடுவது?

வைத்தியம் தமிழில் வராது என்பார்க்கு மானிப்பாய் மறுமொழி சொல்லும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் கற்றார். இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் தந்தார். 1864 முதல் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அந்நியர் ஒருவரால் சத்திரசிகிச்சையையே தமிழில் கற்பிக்க முடிந்தது. "பாரம் தூக்காதே" என்று எழுத நம்மவரால் முடியாதா?

"வேறு வைத்தியர் பார்ப்பதற்கு ஆங்கிலம் தேவை" என்பர். ஆகட்டும், நோயின் பெயரும் பரிசோதனை முடிவும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். நோயாளிக்குரிய ஐந்து செய்திகள் தமிழில் வேண்டும்: எந்த மருந்தை எப்போது எடுப்பது, எதை உண்பது, எப்போது வேலைக்குத் திரும்புவது, எந்த அறிகுறி கண்டால் உடனே ஓடி வருவது, அடுத்த கிளினிக் எந்நாள். நேரமில்லை என்பதும் சாட்டே. அச்சிட்ட தாளில் அடையாளமிட எத்தனை நிமிடம் செல்லும்?

வைத்தியர்களே! உங்கள் படிப்புக்கு இலவசக் கல்வி தந்தவன் இந்தக் கமக்காரன். அவனுக்கு விளங்கும் மொழியில் எழுதுவது தருமமன்று, கடன்.

கமக்காரத் தோழரே! கூச்சம் வேண்டாம். துண்டு கையில் வந்ததும் எழுந்து நடக்காதீர். "ஐயா, இதைத் தமிழில் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். கேட்டுப் பெற்ற பின் வீடு செல்லுங்கள்!