மரப்பாண் மேல எதுக்கு இவ்வளவு கோபம்?

போன நத்தாருக்கு கொஸ்லந்தயில நாங்க சுட்ட மரப்பாணோட படத்தைப் போட்டதும் ஒரு அண்ணன் கேட்டார்: "லயத்துல இருக்கிறவனுக்கு எதுக்கு இந்த வெள்ளைக்காரன் ஷோ?" இன்னொருத்தர், "ரொட்டிதான் நம்ம அடையாளம், அதைச் சுடுங்க" என்றார். ரெண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்றோம்.

அந்த ரொட்டி எந்த மாவுல சுடுறது? கோதுமை இந்த நாட்டுல விளையிறதில்ல. கப்பல்ல வந்து, திருகோணமலை ஆலையில அரைபட்டு மலையேறுது. ஒரு காலத்துல தோட்டத்துல அரிசியையும் மாவையும் கடனுக்குக் குடுத்து சம்பளத்துல வெட்டினாங்க. விடிய எழும்பி, பெரட்டுக்கு முந்திச் சுட்டு, கட்டச்சம்பலோட கட்டிக்கிட்டு மலைக்குப் போகலாம். அதனால ரொட்டி நிலைச்சது, அம்மாமார் ஆசைப்பட்டுத் தெரிவு செஞ்சதால இல்ல. 1974 பஞ்சத்துல அதுவும் போதாம தோட்டங்கள்ல பசியால சனம் செத்தது. அதுக்குப் பொட்டு வச்சு 'அடையாளம்'னு கும்பிடச் சொல்றீங்க.

பாண், போறணை, நத்தார் மூணுமே போர்த்துக்கேயர்கிட்டயிருந்து வந்த சொற்கள். ஜோடிச்ச மரம் ஜெர்மனியிலயிருந்து இங்கிலாந்துக்குப் போய்ப் பரவினது 19ஆம் நூற்றாண்டுல. எங்க ஆளுங்க கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்ததும் அதே நூற்றாண்டுலதான். வெளியில இருந்து வந்தது நமக்கு ஆகாதுன்னு பாணைப் பார்த்துச் சொல்றவங்களே, இதே பேச்சைத்தானே எங்களைப் பார்த்தும் சொல்றாங்க?

செலவைப் பற்றிக் கேட்டிருந்தா ஒத்துக்குவோம். 2024 செப்டெம்பர்லதான் நாள் சம்பளம் 1350 ரூபாவாச்சு. மா, ஈஸ்ட், மாஜரீன், முட்டை எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் வாங்கினோம்.

செய்றது பெரிய வித்தை இல்ல. மேல ஒரு உருண்டை, அடுத்த வரியில ரெண்டு, அப்படியே அஞ்சு வரைக்கும். அடிமரத்துக்கு ஒண்ணு. மொத்தம் பதினாறு. நடுவுல விரல் இடைவெளி விடணும், பொங்கினதும் தானா ஒட்டிக்கும். டிசம்பர் குளிருக்கு மா லேசுல பொங்காது. தாச்சியை சாக்கால சுத்தி அடுப்போரமா வச்சுக் காத்திருந்தோம்.

ஆனா சுடுறது எங்க? காம்பரா, இஸ்தோப்பு, புகை மண்டின ஒரு மூலை. இதுல போறணைக்கு எங்க போக? தட்டைத் தூக்கிக்கிட்டு டவுன் பேக்கரிக்குப் போனோம். 24ஆம் திகதி ராத்திரி, கடைசிப் பாணை இறக்கின பிறகு மிச்சச் சூட்டுல வைக்க விட்டாங்க. முதல் மரத்தோட உச்சி கருகிப்போச்சு.

கோபப்படுறதுன்னா இந்த இடத்துல படுங்க. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில, இதே கொஸ்லந்தயில, மீரியபெத்த லயங்கள் மண்ணுக்குள்ள போச்சு. அந்த இடம் ஆபத்துன்னு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லயும் 2011லயும் எச்சரிச்சிருந்துச்சு. எச்சரிக்கை வந்துச்சு, போய் இருக்க நிலம் வரல. 200 வருஷம் கொண்டாடி முடிச்ச பிறகும் நம்ம சனத்துல பாதிப்பேருக்குக் கூட சொந்தக் காணி உறுதி கிடையாது. அதைக் கேட்டு ஒரு வரி எழுதாத ஆளுங்க, பதினாறு உருண்டை மாவுக்குக் கலாசாரப் பாடம் எடுக்கிறாங்க.

25ஆம் திகதி விடிய லயத்துக்கே பங்கு வச்சோம். பாதிக்கு மேல கோயிலுக்குப் போற வீடுங்கதான். கருகின உச்சிக்குத்தான் பொடிசுங்க அடிபட்டாங்க. இந்த வருஷம் ரெண்டு மரம். தட்டு எத்தனைன்னு முன்னாடியே சொல்லிரச் சொல்லியிருக்கார் பேக்கரிக்காரர்.