இருபது ரூபாய்த் தரகும் இரண்டு லட்ச ரூபாய் இழப்பும்

எந்தச் செயலியில் தரகுக் கட்டணம் குறைவு, எதில் விலை வரைபடம் விரைந்து விரிகிறது, எதில் கணக்குத் தொடங்குவது எளிது என்று பங்குத் தரகு நிறுவனங்களை ஒப்பிடும் பேச்சு பெருகியுள்ளது. இந்த ஒப்பீடுகளில் விடுபட்டுப்போகும் கேள்வி ஒன்றுண்டு: அந்தச் செயலிகளின் வழியே வணிகம் செய்தவர்களுக்கு என்ன மிஞ்சியது?

தொழில்நுட்பத்தால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. 1994இல் தேசியப் பங்குச் சந்தையில் திரைவழி வணிகம் தொடங்கியது. 1996ஆம் ஆண்டின் வைப்பகச் சட்டத்துக்குப் பின் காகிதப் பத்திரங்கள் மறைந்தன. போலிப் பத்திர மோசடி ஒழிந்தது. 2010இல் தொடங்கப்பட்ட ஜெரோதா, விற்றுமுதலில் விழுக்காடாகத் தரகு வாங்கும் வழக்கத்தை விட்டு, ஓர் ஆணைக்கு அதிகபட்சம் 20 ரூபாய் என்ற முறையைக் கொண்டுவந்தது. பின்வந்த பல நிறுவனங்களும் அவ்வழியே சென்றன.

ஆனால், கட்டணம் மலிவானதால் தரகரின் வருவாய் ஆணைகளின் எண்ணிக்கையைச் சார்ந்ததாயிற்று. வாடிக்கையாளர் வென்றாலும் தோற்றாலும் ஒவ்வோர் ஆணைக்கும் பணம் வரும். பங்கு வாங்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவரால் தரகருக்குப் பெரும் பயனில்லை. நாளும் முன்பேர ஊக வணிகத்தில் ஈடுபடுபவரே விளைநிலம்.

அந்த விளைநிலத்தின் அறுவடைக் கணக்கை ஒழுங்குமுறை அமைப்பான செபியே 2024 செப்டம்பரில் வெளியிட்டது. 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்கு முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் இழப்பையே கண்டனர். சராசரி இழப்பு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடிக்கும் மேல். கட்டணங்களாக மட்டும் சுமார் 50,000 கோடி ரூபாய் சென்றது. அதில் பாதிக்கு மேல் தரகு. 2023–24இல் இவ்வணிகர்களில் நால்வரில் மூவருக்கு மேல் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் குறைவு எனக் கூறியவர்கள். 43 சதவீதத்தினர் முப்பது வயதைக்கூட எட்டாதவர்கள். 72 சதவீதத்துக்கும் மேலானோர் முதல் 30 நகரங்களுக்கு வெளியே வாழ்பவர்கள்.

இதே 2023–24இல் சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் பெருநிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் மொத்த லாபம் ஈட்டின. அதில் 95 சதவீதத்துக்கும் மேல் கணினி நெறிநிரல்களால் நடத்தப்பட்ட வணிகத்தின் பயன். அவற்றின் கணினிகள் சந்தையின் வளாகத்திலேயே இடம் வாடகைக்குப் பெற்று நிற்கின்றன. கைப்பேசியில் விரல் அசையுமுன் அங்கே எண்ணற்ற ஆணைகள் முடிந்திருக்கும். இந்தச் செயலியா அந்தச் செயலியா என்ற போட்டியில் எது வென்றாலும் இந்த இடைவெளி குறைவதில்லை.

தறியொலி கேட்கும் நாராயணவனம், புத்தூர், நகரி வட்டாரத்து உழைப்பாளிக்கு இது புதிய பாடமன்று. தறி எவ்வளவு நேர்த்தியானதாயினும், நூல் விலையும் துணி விலையும் பிறர் கையில் இருந்தால் நெய்தவருக்குக் கூலிதான் மிஞ்சும். சந்தையில் அந்தக் கூலியும் மிஞ்சுவதில்லை.

இழப்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசுவது எளிது, அது நியாயமன்று. நிலையான வேலையும் போதுமான ஊதியமும் இல்லாத இளைஞருக்கு இந்தச் சூதாட்டம் 'முதலீடு' என்ற பெயரில் விற்கப்படுகிறது. பத்தில் ஒன்பது பேர் இழக்கிறார்கள் என்ற எச்சரிக்கை 2023 முதல் செயலிகளில் கட்டாயமாகக் காட்டப்படுகிறது. இருந்தும் 2024–25இல் 91 சதவீதத்தினர் இழந்தனர். நிகர இழப்பு 1.05 லட்சம் கோடியைத் தாண்டியது. வாராந்திர ஒப்பந்தங்களைக் குறைத்து 2024இல் செபி எடுத்த நடவடிக்கைகள் போதவில்லை என்பதையே இது காட்டுகிறது.

வாராந்திர ஊக ஒப்பந்தங்களை முற்றாகத் தடை செய்ய வேண்டும். தரகு நிறுவனங்கள், தம் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் எவ்வளவு இழந்தனர் என்பதை ஆண்டுதோறும் வெளியிடச் சட்டம் வேண்டும். இவ்வணிகத்தில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வரி பெறும் ஒன்றிய அரசு, கைகட்டி நிற்கும் பார்வையாளரன்று; பங்காளி. இளைஞர்களுக்கு வேலை கேட்கும் இயக்கத்தின் கோரிக்கைகளில் இதுவும் சேர வேண்டும்.