உள்ளே வராதவர்களுக்கு எழுதிய பதில்கள்

"ஓனரே குண்டு. இவங்க எங்க மத்தவங்கள இளைக்க வைக்கப் போறாங்க?"

என் உடற்பயிற்சிக்கூடத்தின் பெயருக்குக் கீழே, ஒற்றை நட்சத்திரத்தோடு, இணையத்தில் ஓர் ஆண் எழுதியது இது. எங்கள் கூடத்தில் பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி. அந்த ஆள் எப்போது படியேறி வந்தார், எந்தக் கருவியைத் தொட்டார், எத்தனை மாதம் பணம் கட்டினார் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றே நாளில் 14 லைக் விழுந்திருந்தது.

திண்டுக்கல்லில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே முதல் மாடியில், 900 சதுர அடியில் இந்தக் கூடத்தை நடத்துகிறேன். ஒன்பது பவுன் நகையை அடகு வைத்துத் தொடங்கியது. மாதக் கட்டணம் 800 ரூபாய். காலை ஐந்தரை மணிக்கே ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள் வந்துவிடுவார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். இவர்களுடைய கணுக்கால் வீக்கத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பத்தரை மணிக்கு, வீட்டில் எல்லாரையும் அனுப்பிவிட்டு, சமையல் வாசனையோடு வருகிறவர்கள். இவர்களில் முக்கால்வாசிப் பேர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்களுக்கென்று ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டவர்கள்.

அந்த ஒரு நட்சத்திரத்துக்குப் பின்னால் வரிசையாக வந்தன. "லெக்கின்ஸ் போட்டு ஆடற இடத்துக்குக் குடும்பப் பொண்ணுங்க போவாங்களா?" "காலைல இங்க வந்துட்டா வீட்ல இட்லி யாரு ஊத்தறது?" எல்லாம் ஆண் பெயர்கள். ஒன்றிரண்டு பெண் பெயர்களும் இருந்தன, ரோஜாப்பூப் படம் போட்டு. அவை யாரென்று ஆராய எனக்கு நேரமில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஆண்களுக்கான ஜிம் ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவருக்கு என்னைவிடப் பெரிய தொப்பை. நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். அவரை எல்லாரும் 'மாஸ்டர்' என்பார்கள். அவருடைய தொப்பையைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட யாரும் எழுதியதில்லை. அந்தக் காலத்தில் என்ன தூக்குவார் தெரியுமா என்று பெருமையாகத்தான் பேசுவார்கள். ஆணின் உடம்பு அவன் அனுபவத்துக்குச் சாட்சி. என் உடம்போ நான் விற்கும் சரக்காம். சரக்கில் குறை இருந்தால் வாடிக்கையாளர் சொல்லத்தானே செய்வார்!

எங்கள் தெரு வியாபாரிகள் கூட்டத்தில் ஓர் அண்ணன் அக்கறையோடு சொன்னார்: "கோவப்படாதம்மா. யார் என்ன எழுதினாலும் 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு போட்டு விட்டுடு. வியாபாரம்னா அப்படித்தான்." அவர் ஹோட்டல் வைத்திருக்கிறார். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று எழுதினால் அவர் நன்றி சொல்லலாம், நாளைக்கு உப்பைக் குறைக்கலாம். என் இடுப்பைப் பற்றி எழுதியவனுக்கு நான் எதற்கு நன்றி சொல்வது? வாடிக்கையாளரிடம் பணிவு என்கிற பெயரில் பெண் தொழில்முனைவோருக்குச் சொல்லித் தரப்படுவதில் பாதி, சின்ன வயதில் வீட்டில் கேட்டதுதான். பொறுத்துப் போ, சிரித்து மழுப்பு, பதிலுக்குப் பேசினால் உனக்குத்தான் கெட்ட பெயர். பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படிக்கும் மாணவிகள் இதைப் படித்தால், உங்கள் பாடத்தில் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

எனவே நான் பணியவில்லை. சண்டை போட்டேன். இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து ஒவ்வொருவனுக்கும் பத்தி பத்தியாகப் பதில் எழுதினேன். 90 கிலோ டெட்லிஃப்ட் தூக்கும் என்னுடைய வீடியோவைப் போட்டேன். கர்ணம் மல்லேஸ்வரியை இழுத்து வந்தேன். பளுதூக்குதலில் பெண்களை ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்த்ததே 2000இல், சிட்னியில்தான். 69 கிலோ பிரிவில், மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். அவரை இடுப்பளவு பார்த்தா மதிப்பீர்கள் என்று கேட்டேன். 'செமக்கா', 'மாஸ்' என்று தோழிகள் எழுதினார்கள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது அந்தப் பதில்களைப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. நான் குண்டாக இருந்தாலும் பலசாலி என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். பலமில்லாத குண்டுப் பெண் என்றால் மட்டும் அவன் எழுதியது சரியாகிவிடுமா? என் எடை 78 கிலோ, பி.எம்.ஐ. 30க்கு மேல். இதை மறைக்க எனக்கு எதுவுமில்லை. என் சர்க்கரை அளவைப் பார்த்து டாக்டர் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். அதே கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. என்னிடம் வருகிறவர்களில் பலர் ஒரே சமயத்தில் இரண்டுமாக இருக்கிறார்கள். எடை கூடியவள் தின்று கொழுத்தவள் என்று நினைப்பவனுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். நானோ 90 கிலோ கம்பியைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அதைவிட மோசமான ஒன்றையும் செய்தேன். எங்கள் கூடத்தின் உள்சுவரில் ஒட்ட, ஓர் அக்கா தன் 'முன்பு - பின்பு' படங்களைத் தந்திருந்தார். பதினோரு மாதத்தில் 13 கிலோ குறைத்தவர். இளைக்க வைக்க முடியுமா என்று கேட்டாயே, பார் என்று அந்தப் படத்தைப் பொதுவில் போட்டேன். சுவருக்குத் தந்த சம்மதம் ஊருக்கும் சேர்த்துத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முகத்தை மறைத்திருந்தேன். முன்கையில் பச்சை குத்தியிருந்த அவருடைய அம்மாவின் பெயரை மறைக்கத் தோன்றவில்லை. கொழுந்தனார் கண்டுபிடித்துவிட்டார். அந்த அக்கா அதற்குப் பிறகு வரவில்லை. ஒரே ஒரு தடவை போன் பேசினார். "உன்மேல கோவமில்ல கண்ணு, ஆனா எனக்கு அந்த ஒரு மணி நேரம் போச்சு" என்றார். படத்தை நீக்கிவிட்டேன். போன மணி நேரத்தை எப்படித் திருப்பித் தருவது?

அந்த வாரங்களிலேயே இன்னொரு குறிப்பும் வந்திருந்தது. மூன்று நட்சத்திரம். "இடம் சுத்தமா இருக்கு. அக்கா நல்லா பேசுவாங்க. ஆனா குழந்தை பிறந்து அஞ்சு மாசம்தான் ஆகுதுன்னு சொல்லியும் எல்லார் கூடவும் ஸ்கிப்பிங் பண்ணச் சொன்னாங்க. வெளிய சொல்ல முடியாத தொந்தரவு ஆகுதுன்னு சொன்னேன். போகப் போக சரியாயிடும்னாங்க. நின்னுட்டேன்."

இதற்கு நான் எழுதிய பதில்: "உங்கள் கருத்துக்கு நன்றி."

ஆம், அதே வரிதான். எந்த வரியை அந்த ஆண்களுக்கு எழுத மாட்டேன் என்று வீராப்பாக மறுத்தேனோ, அதை இவளுக்குப் போட்டுவிட்டு அடுத்தவனோடு சண்டைக்குப் போனேன். உள்ளே காலே வைக்காதவர்களுக்கு இரண்டாயிரம் சொல். பணம் கட்டி, வியர்வை சிந்தி, கூச்சத்தோடு வந்து சொன்னவளுக்கு மூன்று சொல். மனதுக்குள் அவளையும் அந்தக் கும்பலில் சேர்த்திருந்தேன். இந்த நேரத்தில் இவளுமா என்று எரிச்சல். ஒரு பெண் நடத்தும் இடத்தைப் பெண்ணே குறை சொல்லலாமா என்று என் தோழிகள் ஆறுதல் சொன்னபோது தலையாட்டினேன்.

அந்த ஆறுதலை நான் இப்போது எதிர்க்கிறேன். பெண் தொழிலைப் பெண்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது சரி. குறையை விழுங்கிக்கொண்டுதான் தாங்க வேண்டும் என்றால், அது புகுந்த வீட்டுச் சட்டம். அதற்குப் பெண்ணியம் என்று பெயர் சூட்ட வேண்டாம். 800 ரூபாய் வாங்கியவள் நான். அவளுக்கும் எனக்கும் நடுவில் அதிகாரம் என் கையில் இருந்தது.

அவள் சொன்ன தொந்தரவு என்னவென்று எனக்கு அப்போதே தெரியும். குதிக்கும்போது, தும்மும்போது சிறுநீர் கசிவது. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்துபோவதால் வருவது. ரொம்பப் பேருக்கு இருக்கிறது. பிரிட்டனில் 2019இல் பிசியோதெரபிஸ்டுகள் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். பிரசவமாகி மூன்று மாதத்துக்கு முன் ஓட்டம் வேண்டாம், அதற்குப் பிறகும் கசிவோ அடிவயிறு இறங்குகிற உணர்வோ இருந்தால் முதலில் பரிசோதனை என்கிறது அது. நான் படித்த பயிற்சியாளர் சான்றிதழ் வகுப்பில் மார்புத் தசைக்கு மூன்று நாள் ஒதுக்கினார்கள். பிரசவத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. பெண்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டிய நானும் அந்த ஆண் உடம்புப் பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். "போகப் போக சரியாயிடும்" என்று என் அம்மாவுக்கு அவர் மாமியார் சொன்னார். அம்மா முப்பது வருடமாக வெளியூர்ப் பயணம் போகாமல் இருக்கிறார்.

ஏழு வாரம் கழித்துத்தான் பழைய பதிலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். நீங்கள் சொன்னது சரி, நான் கேட்டிருக்க வேண்டும், தவறு என்னுடையது, அந்த மாதக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறேன், பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் இதற்கான பயிற்சிகளைக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று. எல்லாரும் பார்க்கிற இடத்தில்தான் எழுதினேன். வியாபாரத்துக்கு நல்லதல்ல என்று ஹோட்டல் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது சேருகிறவர்களிடம் எடையைக் கேட்பதில்லை. எத்தனை பிரசவம், என்ன அறுவை, எது வலிக்கிறது என்று தனியாக உட்காரவைத்துக் கேட்கிறேன். அந்த மூன்று கேள்விக்கு அரைமணி நேரம் பேசியவர்கள் உண்டு.

ஒற்றை நட்சத்திரக்காரர்களுக்கு எழுதிய பதில்களை நீக்கிவிட்டேன். அவர்கள் எழுதியவை அங்கேயே கிடக்கின்றன.

பணத்தை அனுப்பிய அன்று அவள் போன் செய்தாள். "அக்கா, ஸ்டாரை மாத்திப் போடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்மா. நடந்ததுக்குத்தானே போட்ட. இருக்கட்டும்."

அடுத்த வாரம் பத்தரை மணி வகுப்புக்கு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்பதற்கு என்னிடம் ஏற்பாடு எதுவும் இல்லை. அன்றைக்கு ஜன்னலோரம் ஒரு பாயை விரித்தோம்.